மார்ஃபான் என்று எழுதும் முன்: இணைப்புத்திசு நோயில் அமினோ அமிலக் கோளாறைத் தேடும் முறை

வயதுக்கு மீறிய உயரம், ஒல்லியான உடல், நீண்ட விரல்கள், உள்வாங்கிய நெஞ்செலும்பு, இடம்பெயர்ந்த கண்வில்லை. இப்படி ஒரு பிள்ளை வந்தால் முதலில் நினைவுக்கு வருவது மார்ஃபான் என்ற பரம்பரை இணைப்புத்திசு நோய்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே தோற்றத்தில் இன்னொரு நோயும் வரும். மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் முறையாகச் சிதைக்க முடியாததால் உண்டாகும் ஹோமோசிஸ்டினூரியா அது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அந்தப் பரிசோதனையை விட்டுவிட்டால், சில வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளை மூளை நாளத்திலோ காலிலோ ரத்தக்கட்டியுடன் திரும்பி வரக்கூடும். சிகிச்சையே கிடைக்காத நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு 30 வயதுக்குள் ஒரு ரத்தக்கட்டியாவது வந்துவிடுகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால், ஏறத்தாழ பாதிப்பேருக்கு பி6 வைட்டமினால் நல்ல பலன் கிடைக்கும்.

இணைப்புத்திசுவைத் தாக்கும் அமினோ அமிலக் கோளாறுகள் பல. அவற்றில் அடிக்கடி தவறவிடப்படுவதும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான் என்பதால் பெரும்பகுதி இதைப் பற்றியே. அல்கப்டோனூரியாவும் புரோலிடேஸ் குறைபாடும் கடைசியில் வருகின்றன. இங்குள்ள மருந்து அளவுகள் சிகிச்சை தரும் மருத்துவருக்கானவை. குடும்பத்தினர் இவற்றைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்கலாம். தாங்களாகவே மாத்திரையைத் தொடங்கக் கூடாது. அதற்கான காரணம் கீழே இருக்கிறது.

கோளாறு எங்கே, திசு ஏன் கெடுகிறது

உணவுப் புரதத்திலிருந்து வரும் மெத்தியோனைன் உடலுக்குள் ஹோமோசிஸ்டீனாக மாறுகிறது. ஹோமோசிஸ்டீனுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோலேட், பி12 வைட்டமின்களின் துணையோடு (கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பீட்டைன் என்ற பொருளின் துணையோடும்) மறுபடி மெத்தியோனைனாகத் திரும்பலாம். அல்லது சிஸ்டத்தயோனின் பீட்டா சிந்தேஸ் என்ற நொதி வழியாக சிஸ்டத்தயோனினாகி, பிறகு சிஸ்டீனாகலாம். இந்த நொதிக்கு பி6 இல்லாமல் வேலை ஓடாது. இதற்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் நோய் வரும். இந்த இரண்டாவது வழி அடைபடும்போது ஹோமோசிஸ்டீனும் மெத்தியோனைனும் தேங்குகின்றன, சிஸ்டீன் குறைகிறது.

கண்வில்லையைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய இழைகள் ஃபைப்ரில்லின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதம் முழுக்க சிஸ்டீன் நிறைந்திருக்கிறது. இரண்டிரண்டு சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்வதால்தான் புரதம் தன் வடிவத்தில் நிற்கிறது. ஹோமோசிஸ்டீனிலும் அதே கந்தக முனை இருப்பதால் அது நடுவில் புகுந்து தப்பான இடத்தில் மாட்டிக்கொள்கிறது. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளி மாட்டினால் சட்டை முழுவதும் கோணிப்போவதைப் போல, புரதமும் கோணுகிறது. மார்ஃபானில் இதே ஃபைப்ரில்லினின் மரபணுவே பழுதாக இருக்கிறது. இரண்டு நோய்களும் ஒன்றுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தின் குறுக்குப் பிணைப்புகளும் பாதிக்கப்படுவதால் எலும்பு வலுவிழக்கிறது, முதுகெலும்பு வளைகிறது.

எதைப் பார்க்க வேண்டும்

முதலில் கண். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) வழியாக வில்லை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, இழைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மார்ஃபானில் வில்லை பொதுவாக மேல்நோக்கியும் வெளிப்புறமாகவும் போகும். இழைகள் நீண்டு இழுபட்டிருந்தாலும் அறுந்திருக்காது. ஹோமோசிஸ்டினூரியாவில் வில்லை கீழ்நோக்கியும் மூக்குப் பக்கமாகவும் இறங்கும். இழைகள் அறுந்து, வில்லையின் விளிம்பில் சுருண்டு கிடக்கும். ஆனால் திசையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். விதிவிலக்குகள் இரண்டு நோயிலும் உண்டு. வில்லை எந்தத் திசையில் போயிருந்தாலும் ஹோமோசிஸ்டீன் பார்த்துவிடுவதே முறை. வில்லை நகர்வதற்குச் சில வருடங்கள் முன்பே கிட்டப்பார்வை மளமளவென ஏறத் தொடங்கும். வருடாவருடம் கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போகும் சிறு பிள்ளையை இதே சந்தேகத்தோடு பாருங்கள்.

அடுத்தது மூட்டு. மார்ஃபானில் மூட்டுகள் தளர்ந்திருக்கும். ஹோமோசிஸ்டினூரியாவில் முழங்கையும் விரல்களும் விறைப்பாக, முழுதாக நீள மறுக்கும். பெருந்தமனி வேரின் விரிவு மார்ஃபானுக்கு உரியது. இங்கே அது வழக்கமில்லை. அதற்குப் பதிலாக ரத்தக்கட்டி வரும், சிரையிலும் வரும், தமனியிலும் வரும். எக்ஸ்ரேயில் வயதுக்கு ஒவ்வாத எலும்புத் தேய்வு தெரியலாம். மார்ஃபான் பொதுவாக அறிவு வளர்ச்சியைத் தொடுவதில்லை. இங்கே பின்னடைவு, வலிப்பு, மனநலச் சிக்கல்கள் வரலாம், வராமலும் போகலாம். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை என்பதற்காக இந்த நோய் இல்லை என்று தள்ளிவிட முடியாது. பி6-க்குக் கட்டுப்படும் வகையில் அறிவுத்திறன் முற்றிலும் இயல்பாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு வகையினர் கண், எலும்பு எதிலும் குறை இல்லாமல் வளர்ந்து, இளம் வயதில் காரணமில்லாத பக்கவாதத்தோடோ மூளைச் சிரையில் ரத்தக்கட்டியோடோ முதன்முறையாக மருத்துவமனைக்கு வருபவர்கள். ரத்த உறைவுக் கோளாறுக்கான பரிசோதனைப் பட்டியலில் ஹோமோசிஸ்டீனும் இருக்கட்டும்.

பிறந்த குழந்தைப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்திருப்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். அந்தப் பரிசோதனை பெரும்பாலும் மெத்தியோனைனைத்தான் அளக்கிறது. முதல் சில நாட்களில் அது போதிய அளவு ஏறியிருக்காது. குறிப்பாக பி6-க்குக் கட்டுப்படும் குழந்தைகள் இந்தச் சல்லடையில் நழுவிவிடுகிறார்கள்.

ரத்தம் எடுப்பது: தவறு நடப்பது இங்கேதான்

கேட்க வேண்டியது பிளாஸ்மாவில் மொத்த ஹோமோசிஸ்டீன். "மொத்த" என்ற சொல் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கமான அமினோ அமிலப் பரிசோதனை ஒட்டாமல் தனியாக இருக்கும் ஹோமோசிஸ்டினை (இரண்டு ஹோமோசிஸ்டீன் இணைந்தது) மட்டுமே காட்டும். அதுவும் மொத்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரோமோலைத் தாண்டிய பிறகே கண்ணுக்குப் படும். சாம்பிளிலிருந்து புரதத்தை உடனே நீக்காவிட்டால் அதுவும் மறைந்துபோகும். "அமினோ அமிலம் பார்த்தாயிற்று, நார்மல்" என்ற ஒரு வரியை நம்பி நோயைக் கைவிட்டுவிட வேண்டாம்.

சாம்பிளுக்கு முன் மருந்து விவரம் கேளுங்கள். சத்து மாத்திரை, சத்து சிரப், ஊட்டச்சத்து பானம் எல்லாவற்றின் லேபிளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றிலுள்ள சிறிதளவு பி6 கூட சிலருக்கு ஹோமோசிஸ்டீனைக் கிட்டத்தட்ட இயல்பு நிலைக்கு இறக்கிவிடும். குறைந்தது 2 வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சந்தேகம் தோன்றிய அன்றே "எதற்கும் இருக்கட்டும்" என்று பி6 எழுதுவதும், வீட்டில் தாங்களாகவே தொடங்குவதும் நோயறிதலை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடும். ரத்தக்கட்டியோடு வந்து படுத்திருக்கும் நோயாளி என்றால் கதை வேறு. அங்கே ரத்தத்தை உடனே எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு சிகிச்சையைத் தொடங்குங்கள்.

இ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் வைக்கும் குழாய்) ரத்தம் எடுத்து, மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, உடனே ஐஸில் வையுங்கள். உயிரோடிருக்கும் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அளவு மணிக்கு ஏறத்தாழ 10% ஏறும். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளாஸ்மாவைத் தனிக் குழாய்க்கு மாற்றிவிட வேண்டும். பிரித்த பின் அவசரமில்லை. குளிர்பதனத்தில் நாட்கணக்கிலும், உறையவைத்தால் இன்னும் நீண்ட காலத்துக்கும் மாறாமல் இருக்கும். ரத்தம் எடுக்கும் இடமும் லேபும் வேறு வேறு ஊரில் இருந்தால், முழு ரத்தமாக அனுப்பாமல் எடுத்த இடத்திலேயே பிரித்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். உறையவிட்டு சீரம் எடுப்பதைவிட பிளாஸ்மாவே நல்லது. உறையும் நேரத்திலும் அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

சாம்பிள் தாமதமாகிவிட்டது, ஆனால் முடிவு 220 என்று வருகிறது. அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, தாமதத்தால் 220 வராது. முடிவு 22 என்று வந்தால்தான் தாமதத்தைச் சந்தேகித்து, மறுபடி ஒழுங்காக எடுக்க வேண்டும். அதே ஊசியில் இன்னொரு குழாய் ரத்தமும் எடுத்து பிளாஸ்மா அமினோ அமிலங்கள் (மெத்தியோனைனுக்காக), பி12, ஃபோலேட், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்காக) ஆகியவற்றையும் பாருங்கள். பி12 வேலை செய்யாதபோது ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமும் பார்க்க முடிந்தால் மிக நல்லது.

சிறுநீரில் சயனைடு நைட்ரோபுருசைடு போட்டுப் பார்க்கும் பழைய முறை சில இடங்களில் இன்னும் நடக்கிறது. சிஸ்டினூரியா என்ற வேறொரு நோயிலும் அது நிறம் காட்டும். லேசான நோயில் நிறமே காட்டாது. ரத்த அளவு பார்க்க முடிகிற இடத்தில் அதற்கு வேலையில்லை.

எண்ணைப் படிப்பது

பெரியவர்களுக்கு 15 மைக்ரோமோலுக்குக் கீழே இருந்தால் இயல்பு. சிகிச்சை இல்லாத ஹோமோசிஸ்டினூரியாவில் பொதுவாக 100-ஐத் தாண்டும். 15-க்கும் 50-க்கும் நடுவில் வரும் எண்கள்தான் அதிகம் குழப்புபவை. அவற்றில் பெரும்பாலானவை பி12 குறைவு, ஃபோலேட் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, சில மருந்துகள், தாமதமான சாம்பிள் ஆகியவற்றால் வருபவை.

அளவு மிக உயர்ந்திருந்தால் அடுத்து மெத்தியோனைனைப் பாருங்கள். ஹோமோசிஸ்டீனும் மெத்தியோனைனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் சிஸ்டத்தயோனின் பீட்டா சிந்தேஸ் பழுதாக இருக்கக்கூடும். ஹோமோசிஸ்டீன் உயர்ந்து, மெத்தியோனைன் குறைவாகவோ இயல்பின் கீழ்விளிம்பிலோ இருந்தால் கோளாறு மற்ற வழியில் இருக்கிறது. அதாவது பி12 அல்லது ஃபோலேட் சார்ந்த மறுமெத்திலேற்றம் (ஹோமோசிஸ்டீன் மறுபடி மெத்தியோனைனாகத் திரும்புவது) பழுது. மெத்தில்மலோனிக் அமிலமும் உயர்ந்திருந்தால் பி12 பக்கம் தேடுங்கள். இந்தப் பிரிவினையைத் தவறாகச் செய்தால் நேரடித் தீங்கு விளையும். மறுமெத்திலேற்றக் கோளாறு உள்ள குழந்தைக்கு ஏற்கெனவே மெத்தியோனைன் பற்றாக்குறை. அதற்கு மெத்தியோனைன் குறைந்த உணவும் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நோயறிதலை மரபணுப் பரிசோதனையால் உறுதிசெய்யலாம். சில மாற்றங்கள் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே சொல்லும். அயர்லாந்தில் பரவலாக உள்ள ஜி307எஸ் மாற்றம் பொதுவாக பி6-க்குக் கட்டுப்படாது. ஐ278டி பொதுவாகக் கட்டுப்படும். ஆனாலும் மரபணு முடிவுக்காக பி6 சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பி6 சோதனை

சோதனையைத் தொடங்குமுன் மொத்த ஹோமோசிஸ்டீனை குறைந்தது இருமுறை அளந்து வையுங்கள். ஒரே அளவை நம்பினால் இயல்பான ஏற்ற இறக்கத்தையே மருந்தின் பலன் என்று எண்ணிவிடுவோம். பி12 குறைவு இருந்தால் முதலில் சரிசெய்து, ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இவை இல்லாமல் பி6 மட்டும் கொடுத்தால் கட்டுப்படும் நோயாளியும் கட்டுப்படாதவர் போலத் தெரிவார். காய்ச்சல், வாந்தி, அறுவை சிகிச்சைக் காலத்தில் சோதனை வேண்டாம். உடல் தன் சதையையே கரைக்கும்போது அதிலிருந்து மெத்தியோனைன் வெளிவந்து எண்ணை ஏற்றிவிடும். உணவில் புரதத்தை மாற்றாமல் வழக்கம்போலவே வைத்திருங்கள்.

பி6 அளவு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. உச்சவரம்பு 500 மி.கி. ஆறு வாரம் கொடுங்கள். 20 கிலோ பிள்ளைக்கு நாளொன்றுக்கு 200 மி.கி. வரும். 60 கிலோ பெரியவருக்குக் கணக்குப்படி 600 வந்தாலும் 500-லேயே நிறுத்துங்கள். சிகிச்சையின்போது இருமுறையாவது அளந்துபாருங்கள். பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதிக அளவு பி6 பச்சிளம் குழந்தைகளின் மூச்சை முடக்கியிருக்கிறது. அவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி., 2 வாரம் என்பது நடைமுறை. அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில்தான்.

முடிவில் ஹோமோசிஸ்டீன் 50-க்குக் கீழே இறங்கினால் முழுதாகக் கட்டுப்படுகிறது என்று பொருள். வேறு சிகிச்சை தேவையில்லை. அடுத்த வேலை அளவைப் படிப்படியாகக் குறைத்து, 50-க்குக் கீழே வைத்திருக்கப் போதுமான குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடிப்பது. 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தும் 50-க்கு மேலேயே நின்றால் ஓரளவு பலன் இருக்கிறது. பி6-ஐத் தொடர்ந்து உணவுக் கட்டுப்பாட்டையோ பீட்டைனையோ, தேவைப்பட்டால் இரண்டையுமோ சேர்க்க வேண்டும். 20 விழுக்காடு கூடக் குறையாவிட்டால் கட்டுப்படாத வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அளவு கூடக்கூட நல்லது என்று நினைப்பது இங்கே ஆபத்து. நாளொன்றுக்கு 900 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அதிக அளவு நீண்ட காலம் போனால் பாதங்களில் எரிச்சல், மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் என்று நரம்புச் சேதம் தொடங்கும். ஒவ்வொரு வருகையிலும் கால்விரல் உணர்வைத் தொட்டுக் கேளுங்கள்.

உணவு

பி6-க்குக் கட்டுப்படாதவர்களுக்கு அடித்தளமே உணவுதான். எட்ட வேண்டிய இலக்கு 100 மைக்ரோமோலுக்குக் கீழே. கட்டுப்படுபவர்களுக்கு இலக்கு 50. முழுதாக இயல்புக்கு இறங்காவிட்டாலும் 100-க்குக் கீழே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் ரத்தக்கட்டி ஆபத்து வெகுவாகக் குறைகிறது. சின்ன வயதிலேயே தொடங்கினால் கண்ணும் அறிவும் காப்பாற்றப்படுகின்றன.

உணவு மூன்று பகுதிகளாக அமையும். முதலாவது அளந்து கொடுக்கும் இயற்கைப் புரதம். உடலுக்கு மெத்தியோனைன் அறவே இல்லாமல் முடியாது என்பதால் தாங்கும் அளவு வரை கொடுக்கத்தான் வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. அளந்த அளவு மெத்தியோனைன் நீக்கிய பால்மாவை முதலில் கொடுத்துவிட்டு, மீதிப் பசிக்குத் தாய்ப்பால் கொடுப்பது ஒரு வழி. இரண்டாவது, மெத்தியோனைன் இல்லாத, சிஸ்டின் சேர்த்த அமினோ அமில மாவு. வளர்ச்சிக்கான புரதத்தின் பெரும்பகுதி இதிலிருந்தே வரும். மூன்றாவது புரதம் மிகக் குறைந்த மாவு, கொழுப்பு, பழங்கள், காய்கள். கலோரி குறையாமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை.

பல மையங்களில் ஒரு கிராம் இயற்கைப் புரதம் அல்லது 20 மி.கி. மெத்தியோனைன் என்பதை ஓர் அலகாக எண்ணுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை அலகு என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் கணக்கு எளிது. முட்டை, இறைச்சி, மீன், பால் இவற்றின் புரதத்தில் மெத்தியோனைன் அதிகம். பருப்பு வகைகளின் புரதத்தில் குறைவு. ஆனால் பருப்பில் புரதமே அதிகம் என்பதால் கண்ணளவாகக் கொடுக்கக் கூடாது. எதையும் எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு இங்கே மருந்துக்குச் சமம்.

அமினோ அமில மாவை நாளுக்கு மூன்று வேளையாவது பிரித்து, இயற்கைப் புரதம் உள்ள சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரே வேளையில் மொத்தமாகக் குடித்தால் பெரும்பகுதி திசுவாகக் கட்டப்படாமல் எரிந்துபோகும். வளரிளம் பருவத்தில் எண் திடீரென ஏறினால் முதலில் விசாரிக்க வேண்டியது மாவு ஒழுங்காகக் குடிக்கப்படுகிறதா என்பதைத்தான். அதன் வாசனையும் சுவையும் கடினம். திட்டுவதால் தீராது. குளிரவைத்துக் கொடுப்பது, கெட்டியாகக் கரைத்து அளவைக் குறைப்பது, வேறு வடிவத்துக்கு மாற்றுவது இவற்றில் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். கெட்டியாகக் கரைத்தால் கூடவே தண்ணீரும் கொடுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுவலியும் பேதியும் வரும்.

இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். ஒன்று, கட்டுப்பாடு அளவுக்கு மீறிப்போவது. மெத்தியோனைன் இயல்புக்குக் கீழே போனால் எடை ஏறாது, முடி மெலியும், தோல் புண்ணாகும். உடல் சதையைக் கரைக்கத் தொடங்குவதால் ஹோமோசிஸ்டீனும் ஏறும். அதைப் பார்த்து உணவை இன்னும் குறைப்பது நேர் எதிரான செயல். இரண்டு, பி12. விலங்குணவு அறவே இல்லாத உணவில் பி12 கிடைக்காது. மாவை ஒழுங்காகக் குடிக்காதவருக்கு அதுவும் சேர்ந்தால் பி12 குறைந்து, அதனாலேயே ஹோமோசிஸ்டீன் ஏறிவிடும். பி12, ஃபோலேட் இரண்டையும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள்.

பீட்டைன்

உணவைக் கடைப்பிடிக்க முடியாதவர்களுக்கும், உணவு மட்டும் போதாதவர்களுக்கும் இது. ஹோமோசிஸ்டீனை மறுபடி மெத்தியோனைனாக மாற்றும் பக்கவழியை இது வேகப்படுத்துகிறது. குழந்தைகளுக்கு கிலோவுக்கு 50 மி.கி. வீதம் நாளுக்கு இருவேளை. பெரியவர்களுக்கு 3 கிராம் வீதம் இருவேளை. 20 கிலோ பிள்ளைக்கு வேளைக்கு 1 கிராம் வரும். தூளைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கரைத்ததுமே குடிக்கவேண்டும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 மி.கி.க்கு மேல் கூட்டுவதால் பெரிய லாபமில்லை. உடலில் மீன் வாடை வரலாம். இதைச் சொல்லிவைக்காவிட்டால் பள்ளிப் பிள்ளைகள் காரணம் சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

பீட்டைன் தொடங்கியதும் மெத்தியோனைன் ஏறும். வேலை செய்யும் வழியே அதுதான். ஆனால் 1000 மைக்ரோமோலைத் தாண்டினால் மூளை வீங்கிய நோயாளிகள் இருக்கிறார்கள். பீட்டைன் எடுக்கும் பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, பார்வை மங்கினாலோ, ஜீரணக் கோளாறு என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மெத்தியோனைன் பார்க்க வேண்டும். அளவு 1000-ஐ நெருங்கினால் பீட்டைனைக் குறைப்பதும் உணவை இறுக்குவதும் தேவைப்படும். பீட்டைன் தொடங்கிவிட்டோம், இனி உணவைத் தளர்த்தலாம் என்பது சிறு பிள்ளைகளுக்கு ஒவ்வாது.

மயக்க மருந்தும் மற்ற ஆபத்து நேரங்களும்

இடம்பெயர்ந்த வில்லை கண்ணின் முன்பகுதி அறைக்குள் விழுந்துவிடுவது இந்த நோயில் நடக்கக்கூடியது. கண் சிவந்து, கடுமையாக வலித்து, பார்வை மங்கும். கண் அழுத்தம் ஏறி, சில மணி நேரத்தில் பார்வையைப் பறித்துவிடும். மல்லாந்து படுக்கவைத்த நிலையிலேயே அவசரமாகக் கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருத்துவரிடம் ஒரு வாக்கியம் போய்ச் சேர வேண்டும்: நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கூடாது. அது பி12-ஐச் செயலிழக்கவைத்து, ஹோமோசிஸ்டீன் மெத்தியோனைனாகத் திரும்பும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஏற்கெனவே ஒரு வழி அடைபட்டவருக்கு இது மிகக் கெடுதல். நோயறிதல் உறுதியாகுமுன், சந்தேக நிலையிலேயே கண் அறுவை சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும் இது பொருந்தும். முடிந்தால் ஹோமோசிஸ்டீனைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு அறுவை சிகிச்சைக்குத் தேதி வையுங்கள். பட்டினி நேரத்தைக் குறைத்து, குளுக்கோஸ் கலந்த திரவத்தை சிரை வழியாக முன்கூட்டியே தொடங்கி, வாயால் நன்றாகக் குடிக்கும் வரை தொடருங்கள். அழுத்தக் காலுறை, சீக்கிரம் எழுந்து நடப்பது, நீண்ட நேரம் படுத்திருக்க நேர்ந்தால் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) ஆகியவை பாதுகாப்பு.

பேதி, வாந்தி, நீண்ட பயணம், வெயிலில் விளையாட்டு இவற்றில் உடல் நீர் வற்ற விடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பம் தடையில்லை. கட்டுப்பாடு நன்றாக இருக்க வேண்டும். ஆபத்து மிக அதிகமான காலம் பிரசவத்துக்குப் பின் 6 வாரம். அப்போது ஹெப்பாரின் கொடுப்பது வழக்கம்.

கண் பரிசோதனை வருடம் ஒருமுறை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் வளரிளம் பருவத்திலிருந்து 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. ஹோமோசிஸ்டீனை ஒவ்வொரு முறையும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒரே இடைவெளியில் எடுத்தால்தான் முந்தைய எண்ணோடு ஒப்பிட முடியும்.

முதுகுவலியும் கறுத்த சிறுநீரும்: அல்கப்டோனூரியா

முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு ஓயாத முதுகுவலி, எக்ஸ்ரேயில் வட்டு வட்டாகச் சுண்ணாம்பு படிந்த முதுகெலும்பு இடைத்தட்டுகள். இது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் சிதைவுப் பாதையில் வரும் கோளாறாக இருக்கலாம். ஹோமோஜென்டிசிக் அமிலத்தை உடைக்கும் நொதி இல்லாததால் அது குருத்தெலும்பில் கறுப்பு நிறமியாகப் படிந்து, குருத்தெலும்பை உடையக்கூடியதாக்குகிறது. மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-ல் இந்த நோயை வைத்துத்தான் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறு என்ற கருத்தையே உருவாக்கினார்.

கண் வெள்ளையில் பழுப்புப் புள்ளி, காதுமடலில் நீலச் சாயல் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம்) பெரும்பாலும் தப்பியிருக்கும். முதுகெலும்பை விறைக்கவைக்கும் அழற்சி நோயிலிருந்து பிரித்தறிய இது உதவும். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் திறந்துவைத்தால் மணிக்கணக்கில் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கிக் கறுக்கும். காரம் சேர்த்தால் உடனே கறுக்கும். அமிலத்தன்மை அதிகமுள்ள சிறுநீரும், வைட்டமின் சி மாத்திரை எடுப்பவரின் சிறுநீரும் கறுக்கத் தாமதிக்கும். அதனால் கறுக்கவில்லை என்பதை வைத்து விலக்கிவிடாதீர்கள். உறுதிசெய்வது சிறுநீரில் ஹோமோஜென்டிசிக் அமில அளவு. இயல்பில் ஒரு நாளுக்குச் சில பத்து மில்லிகிராம். நோயில் கிராம் கணக்கில் வரும். பெராக்சிடேஸ் வினையை நம்பும் சில லேப் முறைகளில் இந்த அமிலம் குறுக்கிட்டு யூரிக் அமிலம், கிரியேட்டினின் எண்களைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். நோயின் பெயரை லேபுக்கு எழுதி அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு நிடிசினோன் என்ற மருந்து நாளொன்றுக்கு 10 மி.கி. ஐரோப்பாவில் 2020-ல் அனுமதிக்கப்பட்டது. ஹோமோஜென்டிசிக் அமிலத்தை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கிறது. விலையாக டைரோசின் ஏறும். கருவிழியில் டைரோசின் படிகம் படிந்தால் கண் உறுத்தும், வெளிச்சம் கூசும். தொடங்குமுன் ஸ்லிட் லாம்பில் பார்த்து வையுங்கள். உணவில் புரதத்தை மட்டுப்படுத்துங்கள். கண் வலித்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அதிக அளவு வைட்டமின் சி முன்பு கொடுக்கப்பட்டது. பலன் நிரூபிக்கப்படவில்லை, கல் உருவாகும் வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

ஆறாத கால்புண்: புரோலிடேஸ் குறைபாடு

கொலாஜனில் புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் மிகுதி. அது சிதையும்போது வரும் கடைசி இரட்டைத் துண்டுகளை உடைக்கும் நொதி புரோலிடேஸ். அது இல்லாத பிள்ளைக்குக் காலில் வருடக்கணக்கில் ஆறாத புண்கள், மண்ணீரல் வீக்கம், திரும்பத் திரும்பத் தொற்று, சிலருக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குவது) போன்ற நோய் வரும். இளம் வயதில் லூபஸோடு ஆறாத கால்புண்ணும் சேர்ந்தால் இதை நினைத்துப் பாருங்கள். ரத்தத்தில் புரோலின் இயல்பாகவே இருக்கும். சிறுநீர் அமினோ அமிலப் பரிசோதனையை அமிலத்தால் நீராற்பகுப்பு செய்வதற்கு முன்னும் பின்னும் நடத்தச் சொல்லுங்கள். பகுத்த பின் புரோலினும் கிளைசினும் எகிறினால் சந்தேகம் வலுக்கிறது. நொதி அளவாலோ மரபணுவாலோ உறுதிசெய்யலாம். நோயை முழுதாக மாற்றும் மருந்து இன்னும் கையில் இல்லை. புண் பராமரிப்பும் தொற்றுக் கட்டுப்பாடும்தான் சிகிச்சை.

தளர்ந்து சுருங்கிய தோலும் கண்புரையும் உள்ள பச்சிளங்குழந்தைக்கு, பால் கொடுக்குமுன் அம்மோனியாவும் பிளாஸ்மா அமினோ அமிலமும் எடுங்கள். புரோலின், ஆர்னிதைன், சிட்ருலின், அர்ஜினைன் குறைந்து, பட்டினியில் அம்மோனியா ஏறி, பால் குடித்ததும் இறங்கினால் அது புரோலின் தயாரிப்புக் கோளாறு. பால் கொடுத்த பின் எடுத்தால் இந்த ஏற்றம் தெரியாமல் போகும்.

இங்கு விரிவாகச் சொன்ன மூன்று நோய்களும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருபவை. ஒரு பிள்ளைக்கு உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நலமாகத் தெரிந்தாலும் எல்லோருக்கும் பாருங்கள். ஹோமோசிஸ்டினூரியா என்றால் அவர்களின் சத்து மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள்.